ஆற்றங்கரை வடிவமைப்பு: “ஆறு ஓர் உயிர்” என்பதை வரைபடத்தில் எப்படிக் கொண்டுவருவது?

பொருநைப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் இறுதி ஆண்டு படிக்கிறேன். தீசிஸுக்கு எங்கள் ஊர் தாமிரபரணியையே எடுத்திருக்கிறேன். திருநெல்வேலி டவுன் பக்கக் கரை, குறுக்குத்துறையிலிருந்து கீழாகக் கொஞ்ச தூரம். தலைப்பு: ஆற்றை உயிருள்ள ஒன்றாக மதிக்கும் கரை. நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றுக்கு 2017இல் சட்டப்படி ஆள் தகுதி (மனிதரைப் போலத் தனக்கென உரிமை) கொடுத்ததைப் படித்த நாளிலிருந்து இந்த யோசனை மனத்தில் இருக்கிறது.

முதல் ரிவ்யூவில் நான் காட்டியது இது: கரை நெடுக நடைபாதை, மருத மர நிழலில் கல் இருக்கைகள், ஆற்றைப் பெண்ணாகச் செதுக்கிய ஒரு சிலை, படித்துறைகளைப் புதுப்பித்து விளக்குகள், ஒரு சிறு அருங்காட்சியகம். மதிப்பிட வந்திருந்த ஜூரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இதில் மனிதருக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிகிறது. ஆற்றுக்கு என்ன கிடைக்கிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் சந்தேகம் இதுதான். ஆறு ஓர் உயிர் என்று சொல்வது எளிது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் பிளான், செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்), மரப்பட்டியல் என்று வரும்போது அது எந்த இடத்தில் தெரிய வேண்டும்? சாதாரண ரிவர்ஃபிரண்டுக்கும் இதற்கும் தாளில் என்ன வித்தியாசம்? இப்படிக் கட்டிய இடங்களை நேரில் பார்த்தவர்கள், வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பாளைக்காரன்_சிங்கை:

தங்கச்சி, ஜூரி கேட்டது நல்ல கேள்வி. எனக்குப் பாளையங்கோட்டை, இப்போது சிங்கப்பூரில் லேண்ட்ஸ்கேப் வேலையில் சைட் பார்த்துக்கொள்கிறேன். டிசைனர் இல்லை. டிசைனர் வரைந்ததை மண்ணில் நட்டு, மழை அடித்த பிறகு எது நின்றது எது போனது என்று பார்க்கிற ஆள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் நடைபாதையை அழித்துவிடுங்கள். அப்புறம் வேண்டுமானால் திரும்ப வரையலாம். நீங்கள் வரைந்த பிளானில் ஆறு ஒரே ஒரு நீலப் பட்டையாக இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் வரைகிறார்கள். தாமிரபரணியில் அந்த நீலப் பட்டை எந்த மாதத்துடையது? சித்திரை வெயிலில் பாறையும் மணல் திட்டுமாகக் கிடக்கும்போது ஒரு கோடு. ஜூனில் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டால் வேறு கோடு. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18இல் வந்ததே, அது எல்லாக் கோட்டையும் தாண்டிய கோடு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றித் தண்ணீர். நான் இங்கே இருந்துகொண்டு வீட்டுக்கு போன் போகாமல் வாட்ஸப்பில் வந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தெரு என்று அடையாளம் தெரியவில்லை.

ஆகவே உங்கள் முதல் தாளில் ஒரே சைட்டை நாலு தடவை வரையுங்கள், நாலு நீர்மட்டத்தில். நாலிலும் அந்த இடம் உபயோகத்தில் இருக்க வேண்டும், நாலிலும் எதுவும் உடைந்து போகக்கூடாது. இந்தத் தாள் ஒழுங்காக வந்தாலே ஜூரிக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். வீங்குவதும் மெலிவதும் இடம் மாறுவதும் ஆற்றின் இயல்பு. அதற்கு இடம் விட்டோமா இல்லையா என்பதுதான் ஆற்றுக்குக் கிடைப்பது.

இதற்கு மாதிரி தேடி நீங்கள் நியூசிலாந்துக்குப் போக வேண்டாம், உங்கள் சைட்டிலேயே நிற்கிறது. குறுக்குத்துறை முருகன் கோயில். கரையில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. பாறையில் கட்டிய கல் கோயில், தண்ணீர் வருகிற திசையில் மதில் படகின் மூக்கு மாதிரி கூராக இருக்கும். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் மற்ற சாமான்களையும் எடுத்துக்கொண்டு கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார், தண்ணீர் அவர் மேலேயே போகும். வடிந்த பிறகு உள்ளே முழங்கால் அளவு சகதியும் குப்பையும் கிடக்கும். வாரிக் கழுவிவிட்டு உற்சவரைத் திரும்பக் கொண்டுவந்து பூஜை நடக்கும். சின்ன வயதில் அந்தச் சகதி வாருவதைப் பார்த்திருக்கிறேன். மண்வெட்டி, வாளி, ஒரு பம்ப், கழுவிவிடப் பெண்கள், அவ்வளவுதான். கோயிலைச் சுற்றிச் சுவர் எழுப்பு என்று ஊரில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இதை அப்படியே டிசைனாகப் படியுங்கள். முங்கினால் கெடாதது கீழே. கெடுவது எல்லாம் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, இல்லாவிட்டால் மேலே. தூக்கிக்கொண்டு போக ஒரு பாதை, போய் வைக்க ஓர் இடம், யார் தூக்குவது என்ற ஏற்பாடு. உங்கள் அருங்காட்சியகமும் விளக்குக் கம்பங்களும் இந்தக் கணக்கில் எங்கே வரும்? சிலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி சிங்கப்பூர் கதை. பிஷான் அங் மோ கியோ பூங்கா ஓரமாகக் காலாங் ஆறு முன்பு கான்கிரீட் கால்வாயாக ஓடியது, 2.7 கிலோமீட்டர், நேர்கோடு. அதை உடைத்து, பூங்காவுக்குள்ளே வளைத்து விட்டு, சுமார் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். 2012இல் திறந்தது. கால்வாயாக இருந்தபோது அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையில் கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரியலாம். கொள்ளளவு ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது என்று கணக்கு. ஆக, அழகுக்காகச் செய்தது என்று நினைக்காதீர்கள். வடிகால் வேலைதான், சுவரை உயர்த்துவதற்குப் பதில் அகலத்தைக் கொடுத்தார்கள். உடைத்த கான்கிரீட்டையும் வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லை, பூங்காவிலேயே ஒரு மேடாகக் குவித்து ஏறிப் பார்க்கிற இடமாக்கிவிட்டார்கள்.

என் வேலைக்கு நெருக்கமானது அதன் கரைதான். கரையைச் செடிவைத்தே பிடிக்க வைக்கும் முறை ஐரோப்பாவில் பழையது, ஆனால் அங்கே போடுவது வில்லோ மாதிரி குளிர்நாட்டு மரம். இந்த வெயிலுக்கும் மழைக்கும் எது வேர் பிடிக்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் 2009இல் பூங்காவின் ஒரு பக்க வடிகாலில் பத்து முறைகளை முதலில் போட்டுப் பார்த்தார்கள். எது நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகுதான் ஆற்றில் கை வைத்தார்கள். ஒரு முறை எப்படியென்றால்: உயிருள்ள கிளைகளை வெட்டி, விறகுக்கட்டு போலக் கட்டி, சரிவில் குறுக்காக ஆழமில்லாத பள்ளம் தோண்டி அதில் கிடத்தி, முளை அடித்து இறுக்கி, மேலே மண் போட்டு மூடுவது. முதல் சில மாதம் பிடித்து நிறுத்துவது கட்டும் முளையும்தான். அதற்குள் கணுக்களில் வேர் விட்டுவிட்டால், கட்டு மக்கிப் போனாலும் கவலை இல்லை. இன்னொன்று, தேங்காய்நார்ப் பாயில் மண்ணைச் சுருட்டி அடுக்கி இடையில் செடி நடுவது. நார்ப் பாய்க்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும்.

மழை பெய்யும்போது அங்கே நின்று பாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. மேகம் கறுத்துக் கொட்டத் தொடங்கியதும் தண்ணீர் புல்வெளியில் ஏறிவிடும். உணர்கருவி இருக்கிறது, விளக்கு மினுக்கி சைரன் அடிக்கும், ஆட்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். சரிவு மெதுவாக இருப்பதால் எங்கிருந்து வேண்டுமானாலும் ஏறலாம், கால்வாயில் விழுந்தால் மாட்டிக்கொள்கிற மாதிரி இல்லை. மறுநாள் காலையில் போனால் கரைப்புல் முழுக்க ஒரே திசையில் சாய்ந்து படுத்திருக்கும். புதரில் என் தலை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும், தண்ணீர் அதுவரை வந்தது என்று அர்த்தம். ஒரு வாரத்தில் புல் எழுந்துவிடும். எங்கள் ஆட்கள் அந்தப் பைகளைப் பொறுக்குவார்கள். பராமரிப்பு என்றால் அதுதான், ஆனால் அது எப்போதும் ஓயாது. உங்கள் தீசிஸில் பராமரிப்புக்கு ஒரு தாள் இருக்கிறதா?

நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானே வந்து குடியேறியது இங்கே பெரிய செய்தி. யாரும் கொண்டுவந்து விடவில்லை. அதே இனம் நம் தாமிரபரணியிலும் இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இங்கே சாக்கடைக்குத் தனிக் குழாய், ஆற்றுக்கு வருவது மழைநீர் மட்டும். நம் ஊரில் அப்படி இல்லை. சாக்கடை கலக்கிற ஆற்றின் கரையில் பூச்செடி வைப்பது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுகிற மாதிரி. உங்கள் சைட்டுக்குள் எத்தனை ஓடை, எத்தனை குழாய் ஆற்றில் விழுகிறது என்று நடந்து பார்த்துக் குறியுங்கள். அதை விட்டுவிட்டு உயிர் என்று பேச வேண்டாம்.

மதகடி:

தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். நான் பொதுப்பணித்துறையில் ஆற்று வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை செய்ய வேண்டும்.

ஒன்று, காலாங் என்பது ஒரு பூங்காவுக்குள் ஓடுகிற சிற்றாறு. தாமிரபரணி 128 கிலோமீட்டர், மலையிலிருந்து இறங்கி வருகிறது, எட்டு அணைக்கட்டு தாண்டுகிறது. 2023இல் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் போனது. 1992 வெள்ளத்தையும் நான் பார்த்தவன். அந்த வேகத்துக்கு முன்னால் வெட்டிவேரும் நொச்சியும் மட்டும் போதாது. ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கக் கரையை அரிக்கும், உள்பக்கம் மணலைப் போடும். உள்பக்கத்தில் நீங்கள் சொல்கிற செடிக்கட்டு எல்லாம் செய்யலாம், ஆறே உங்களுக்கு உதவும். வெளிப்பக்கத்தில் கல் வேண்டும். அங்கே கல்லே கூடாது என்று மாணவர்கள் பிடிவாதம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மழையில் கரையோடு போய்விடும், பிறகு அந்த இடத்தில் வருவது ஆறடி உயரக் கான்கிரீட் சுவர்தான்.

இரண்டு, ஆறு நகரட்டும் என்கிறீர்கள். எங்கே நகரும்? ஆற்றுப் புறம்போக்கு எதுவரை, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது? ஆறு பட்டாவுக்குள் போனால் வயல்காரன் யாரிடம் கேட்பான்? உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் கங்கைக்கும் யமுனைக்கும் ஆள் தகுதி கொடுத்தபோது மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் போய்க் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்: வெள்ளத்தில் சேதமானால் நஷ்ட ஈடு யார் மேல்? அந்த ஜூலையிலேயே தடை வந்துவிட்டது.

மற்றபடி, ஆற்றை ஒடுக்காதீர்கள் என்பதில் தம்பியோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். அகமதாபாத்தில் சபர்மதியை இரண்டு பக்கமும் சுவர் வைத்து ஒரே சீராக 263 மீட்டர் அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே நிற்பது நர்மதா கால்வாய்த் தண்ணீர். நடக்கப் போகிறவர்களுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஆற்றைத் தேட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒவ்வொரு ஊரிலும் அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள்.

இசார்க்கரை:

மியூனிக்கில் இருக்கிறேன், ஐயா சொன்ன “வெளிப்பக்கத்துக்குக் கல்” என்பதற்கு இங்கே ஒரு வழி செய்திருக்கிறார்கள். இசார் ஆற்றில் நகரத்துக்குள் 8 கிலோமீட்டர் தூரத்தை 2000 முதல் 2011 வரை மாற்றினார்கள், செலவு சுமார் 35 மில்லியன் யூரோ. பழைய கல் கட்டிய நேர்க்கரையைப் பிரித்து எடுத்து, ஆற்றுப் படுகையை அகலப்படுத்தி, கூழாங்கல் திட்டுகளை விட்டார்கள். கரை அரிக்கலாம். ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று பின்னால் தள்ளி, மண்ணுக்கு அடியில் ஒரு கல் வரிசையைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் புல்வெளி. ஆறு அரித்து அரித்து அதுவரை வந்தால்தான் அந்தக் கல் கண்ணில் படும். அதற்குள் ஆறு எப்படி வேண்டுமானாலும் திரியலாம், அதற்கு அந்தப்பக்கம் வெள்ளத்தடுப்பு மேடும் நகரமும் பத்திரம்.

இன்னொன்று, கரையைத் தொடுவதற்கு முன்பே மின்நிலையக் கால்வாய்க்குத் திருப்பிக்கொண்டிருந்த தண்ணீரில் ஆற்றுக்கு விடும் பங்கைக் கூட்டினார்கள். ஆற்றின் மேல்பகுதியில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் புற ஊதா விளக்கு வைத்துக் கிருமியைக் குறைத்தார்கள். தண்ணீர் முதலில், கரை அப்புறம். கோடையில் ஆட்கள் குளிப்பது அதனால்தான்.

மாணவிக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு இடம் ஜெனீவா பக்கத்தில் ஏர் ஆறு. ஜார்ஜ் தெகோம்பும் அவர் குழுவும் செய்தது. ஆற்றுக்கு நல்ல வளைவாக ஒரு பாதையை வரைந்து கொடுக்கவில்லை. பழைய கால்வாய்க்குப் பக்கத்து நிலத்தில் சாய்சதுரம் சாய்சதுரமாகக் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் வெட்டி, நடுவில் மண் திட்டுகளை விட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். எந்தப் பள்ளத்தில் போவது, எந்தத் திட்டைக் கரைப்பது என்பதை ஆறே முடிவு செய்தது. திறந்த புதிதில் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கால்வாயை மூடவில்லை, அது இப்போது மக்கள் உட்காருகிற தோட்டம்.

பொருநைப்பெண்:

மூவருக்கும் நன்றி. இன்று காலையில் சைட்டுக்குப் போய் ஓடைகளைக் குறித்துவிட்டு வந்தேன். ஒன்றைக் கோரைக்குள்ளே மூக்கால்தான் கண்டுபிடித்தேன்.

சில கேள்விகள் புதிதாக வந்திருக்கின்றன. ஆற்றில் குளிக்க, துவைக்க, திதி கொடுக்க வருகிறவர்களை என்ன செய்வது? பரிகாரம் என்று துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆறு உயிர் என்றால் இவர்களை ஒதுக்க வேண்டுமா? இரண்டாவது, வாங்கனூயி சட்டத்தைத் தீசிஸில் வைக்கலாமா, இல்லை அது வெறும் அலங்காரமா? அப்புறம் அண்ணாச்சி, மரப்பட்டியல்.

பாளைக்காரன்_சிங்கை:

மதகடி ஐயா சொன்னதை ஏற்கிறேன். இசார் கல் வரிசை உங்களுக்கு அருமையான பதில், அதை செக்‌ஷனில் போடுங்கள்.

குளிக்கிறவர்களை ஒதுக்கவே கூடாது. சியோலில் சியோங்யேசெயோன் என்று ஒன்று இருக்கிறது, மேம்பாலத்தை இடித்து 2005இல் திறந்த ஓடை. உலகமே புகழ்ந்தது. ஹான் ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் தினம் சுமார் 1,20,000 டன் தண்ணீரை பம்ப் வைத்து விடுகிறார்கள். சுவிட்சை அணைத்தால் வற்றிப்போகிற ஒன்றை உயிர் என்று எப்படிச் சொல்வது, எனக்குத் தெரியவில்லை. நம் ஆற்றுக்கு அந்தக் கதி இல்லை. தினம் அதில் இறங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். நேற்றைக்கு இன்றைக்குத் தண்ணீர் நிறம் மாறினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஆற்றுக்குக் காவல் யார் என்று கேட்டால் படித்துறையில் துவைக்கிற அக்காமார்களைத்தான் காட்டுவேன்.

ஆகவே படித்துறையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எத்தனை என்று முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கிற கல் படித்துறைகள் போதும். இடையில் உள்ள கரையை ஆற்றுக்கும் மற்ற ஜீவன்களுக்கும் விட்டுவிடுங்கள். திதி கொடுக்கிற துறையில் துணியைப் போடக் கரைமேல் ஒரு கல் தொட்டி, அதை அள்ள ஒரு ஆள், துணி எங்கே போகும் என்று ஓர் ஏற்பாடு. “துணி போடாதீர்” என்று போர்டு வைத்தால் போர்டு மேலேயே காயப்போடுவார்கள். ஐயரையும் துறைக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசி, அவர்கள் “தொட்டியில் போட்டாலும் பரிகாரம்தான்” என்று சொன்னால் நடந்துவிடும். இதுவும் டிசைன்தான், வரைய முடியாது என்பதால் நாம் விட்டுவிடுகிறோம்.

வாங்கனூயி: வைக்கலாம், ஆனால் முதல் பக்கத்து மேற்கோளாக வைக்காதீர்கள். அந்தச் சட்டத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிவது ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேரை வைத்தது. ஒருவரை அரசு தரப்பு, ஒருவரை அந்த ஆற்று மாவோரி மக்கள் முன்மொழிகிறார்கள். “நானே ஆறு, ஆறே நான்” என்கிற அவர்கள் சொல்லை எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலே வழக்கும் போராட்டமும் இருக்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில், தேனிப் பக்கத்து வனநிலப் பட்டா வழக்கு ஒன்றில், இயற்கைக்கே உயிருள்ள ஆள் தகுதி உண்டு என்று தீர்ப்பில் சொன்னது. அதையும் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் பராமரிப்புத் தாளில் எழுதுங்கள்: ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கரையை நடந்து பார்ப்பது யார், எந்தச் செடி போனது எந்தத் திட்டு வந்தது என்று எழுதி வைப்பது யார், புதிய திட்டை “சரிசெய்ய” ஜேசிபி வந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு அதிகாரம். ஒரு கோயில் ஆள், ஒரு விவசாயிகள் சங்க ஆள், மாநகராட்சியில் ஒருவர், படித்துறையில் ஒருவர் என்று போட்டாலும் சரி. ஆற்றின் சார்பில் பேசுகிற ஆள் இல்லாத டிசைன் இரண்டாவது வெள்ளத்தில் கான்கிரீட்டாகிவிடும்.

மரம். கரைமேல் நீர்மருது, அது நம் ஆற்றின் மரம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிற திருப்புடைமருதூருக்குப் போய், தண்ணீர் ஓரத்து மருத மரங்களின் வேரைப் பாருங்கள், வரைந்துகொண்டு வாருங்கள். மண் போன பிறகும் வேர் கல்லைக் கட்டிப்பிடித்து நிற்கும். அங்கே ஊர்க்காரர்களே பறவைகளைப் பாதுகாக்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டு வரலாம். மருதோடு நாவல், புங்கை, அத்தி, இலுப்பை. சரிவில் நொச்சி, குச்சி நட்டாலே பிடிக்கும், செடிக்கட்டுக்கு முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பேன். தண்ணீர் விளிம்பில் நாணல், கோரை, வெட்டிவேர். நெய்வேலிக் காட்டாமணக்கு எங்கே ஒடித்து நட்டாலும் வரும், அதனாலேயே அதைத் தொடாதீர்கள், கரையையே தின்றுவிடும். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) சாக்கடையின் உரத்தில் வளர்கிறது. ஓடையைத் திருப்பாமல் அதை அள்ள மட்டும் பணம் ஒதுக்கினால் ஆண்டுக்கு ஆண்டு அள்ளிக்கொண்டே இருக்கலாம். நடுகிறது எப்போது என்றும் எழுதுங்கள். மழை முடிந்து தண்ணீர் இறங்கிய தையில் நட்டால், அடுத்த பெருவெள்ளத்துக்குள் வேருக்கு நேரம் கிடைக்கும். ஐப்பசியில் திறப்பு விழாவுக்காக நட்டால் கடலுக்குத்தான் போகும்.

விளக்கு விஷயம். தண்ணீர்ப் பக்கம் ஒரு விளக்கும் வேண்டாம். நீர்நாய் கரையில் வளை வைக்கிற மிருகம், இருட்டும் மறைவும் வேண்டும். சாலைப் பக்கம் மட்டும், கீழ்நோக்கி. அதற்காக இரவில் நடக்கிற பெண்களுக்குப் பயமாக இருக்குமே என்று ஜூரி கேட்பார்கள், சரியான கேள்விதான். பாதையை ஆற்று ஓரத்திலிருந்து விலக்கிச் சாலை ஓரத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் தீரும். ஆற்று விளிம்புக்கு இறங்குவது படித்துறை இருக்கிற இடத்தில் மட்டும்.

பொருநைப்பெண்:

அப்படியானால் என் நடைபாதை முழுக்கச் சாலை ஓரத்துக்குப் போகிறது, அருங்காட்சியகம் மேலக்கோயில் பக்கம் போகிறது, கரையில் மிச்சம் இருப்பது படித்துறைகளும் மரமும்தான். வரைய ஒன்றுமே இல்லை போலிருக்கிறதே! நாலு நீர்மட்டத் தாளுக்கு லெவல் (நிலத்தின் உயர அளவு) வேண்டும். கூகுள் எர்த்திலிருந்து எடுத்தால் போதுமா?

மதகடி:

போதாதம்மா. கூகுள் எர்த் லெவலை வைத்து ஆற்று வேலை செய்யவே கூடாது, மீட்டர் கணக்கில் தப்பும். கல்லூரியில் ஆட்டோ லெவல் (உயரம் அளக்கும் கருவி) இருக்கும், இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, ஆறு வளைகிற இடத்தில் இன்னும் நெருக்கமாக. உங்கள் பக்கத்தோடு நிறுத்தாமல் எதிர்க்கரை வரை எடுக்க வேண்டும். 2023 வெள்ளம் எதுவரை ஏறியது என்று கரை வீடுகளில் கேளுங்கள், சுவரில் கறை இன்னும் இருக்கும், சிலர் பெயிண்டில் கோடே போட்டு வைத்திருக்கிறார்கள். தைப்பூச மண்டபத்தில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த உயரங்களையும் அதே லெவலில் கோத்துவிடுங்கள். உங்கள் நாலாவது கோடு அதுதான்.

புறம்போக்கு எல்லைக்கு சர்வே எண்ணைக் கண்டுபிடித்துப் புலப்படத்தை (நில அளவை வரைபடம்) இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், அதை உங்கள் பிளான் மேல் போடுங்கள். இசார்க்காரர் சொன்ன கல் வரிசை அந்த எல்லைக்குள்ளே விழுகிறதா என்று பாருங்கள். விழாத இடம் எது என்று தெரிந்தால், வயல்காரரிடம் போய்ப் பேச வேண்டிய இடமும் அதுதான். லெவல் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் தண்ணீர் கூடிவிட்டால் நடு ஆற்றில் ஸ்டாஃப் (அளவுகோல்) பிடிக்க ஆள் நிற்க முடியாது.